யூரோஸ்டைல்: டூரினில் வார்த்த எதிர்காலம்

விண்வெளிக் கப்பலின் கதவில் ஓர் எண் எழுத வேண்டும். அணு உலைக்குள் ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். ரோபோவின் மார்பில் மாடல் பெயர் பொறிக்க வேண்டும். இப்படி ஒரு வேலை வந்தால் டிசைனர்களின் கை பெரும்பாலும் ஒரே பக்கம்தான் போகும்: அகலமாகப் படுத்திருக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் (கேபிடல்), எல்லாக் கோடுகளும் ஏறக்குறைய ஒரே தடிமன், மூலை மட்டும் மழுங்கிய பெட்டி போன்ற ஓ, டி (D), சி. இந்த ரகத்தில் இன்று ஃபாண்ட்கள் கொட்டிக்கிடக்கின்றன. அவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பெரும்பாலானவை இத்தாலியின் டூரின் நகரத்து நெபியோலோ எழுத்து வார்ப்பகத்தில் கொண்டுபோய் விடும். 1952 இல் அங்கே மைக்ரோகிராம்மா என்ற எழுத்து வகை பிறந்தது. பத்து ஆண்டு கழித்து அதன் விரிவாக யூரோஸ்டைல் வந்தது.

அச்சகங்களுக்கு விற்பதற்காக ஈயத்தில் வார்த்த ஓர் எழுத்து எப்படி எதிர்காலத்தின் சீருடை ஆனது என்பதைத்தான் இங்கே ஆராய்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை வரைந்தவர்கள் பிடிக்கப் பார்த்தது தங்கள் சொந்தக் காலத்தை. எதிர்காலம் என்ற பட்டத்தைக் கட்டிவிட்டவர்கள் பின்னால் வந்த டிசைனர்களும் படக்காரர்களும். எழுத்தின் உயிரோ சட்டென்று கண்ணுக்குப் படாத ஒரு பக்கவாட்டு வளைவில் இருக்கிறது. அது போனால் மிச்சம் வெறும் பெட்டி. கணினிக் காலத்தில் பல வருடங்கள் நாம் அந்த வெறும் பெட்டியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தோம்.

வார்ப்பகமும் ஊரும்

நெபியோலோ பழைய நிறுவனம். 1852 இல் ஜியோவன்னி நரிட்சானோ தொடங்கிய வார்ப்பகத்தை 1878 இல் ஜியோவன்னி நெபியோலோ வாங்கினார். நாளாவட்டத்தில் இத்தாலியில் ஈய எழுத்து என்றாலே அந்தப் பெயர்தான் என்று ஆனது. எழுத்தோடு நிற்காமல் அச்சு இயந்திரங்களும் செய்து விற்றார்கள். 1933 இல் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கலைப் பிரிவு ஏற்பட்டது. அதன் பொறுப்பை முதலில் ஜூலியோ ட மிலானோவும், 1936 முதல் அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் பார்த்தார்கள். அதே 1936 இல் 16 வயதில் வரைவு வேலைக்கு வந்து சேர்ந்தவர் ஆல்டோ நோவாரேஸே. பொன்டெஸ்தூராவில் பிறந்தவர், டூரினின் அச்சுக்கலைப் பள்ளிகளில் படித்தவர். 1952 இல் புட்டி விலகியதும் பிரிவின் தலைமை இவருக்கு வந்தது. 1975 வரை அவர்தான்.

மைக்ரோகிராம்மா இந்தக் கைமாற்றம் நடந்த ஆண்டில் வந்த எழுத்து. இருவர் பெயரிலும்தான் வழங்குகிறது. ஆனால் யூரோஸ்டைல் என்று சொன்னதும் இன்று நோவாரேஸே பெயர் மட்டும்தான் வருகிறது. புட்டி 1959 இல் இறந்துவிட்டார், யூரோஸ்டைல் வந்ததோ 1962 இல். எழுத்தின் எலும்புக்கூடு மைக்ரோகிராம்மாவிலேயே முழுசாக இருக்கிறது. புட்டியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

அந்த ஊரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டூரின் என்றால் ஃபியட். அதன் லிங்கோட்டோ தொழிற்சாலையின் மொட்டை மாடியிலேயே காரை ஓட்டிச் சோதிக்கும் பாதை இருந்தது. காருக்கு பாடி கட்டும் பட்டறைகள் ஊரைச் சுற்றி. பக்கத்தில் இவ்ரேயாவில் ஒலிவெட்டி. மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்த லெட்டரா 22 தட்டச்சு இயந்திரத்தை அவர்கள் 1950 இல் வெளியிட்டார்கள். இத்தாலிய ரயில்வேயின் பெருமையான செட்டெபெல்லோ ரயிலைக் கட்டியதும் 1952 வாக்கில்தான். இந்தப் பொருள்களை எல்லாம் சேர்ப்பது ஒரு தொழிற்சாலைக் காரணம். தகட்டை டையில் வைத்து அழுத்தி வடிவம் எடுக்கும்போது கூர்மையான மூலை வைக்க முடியாது. வைத்தால் தகடு அங்கேதான் கிழியும். அதனால் எந்தப் பெட்டியும் மூலை மழுங்கித்தான் வெளியே வரும். காரின் மீட்டர் சட்டம், தட்டச்சு இயந்திரத்தின் மூடி, ஃபிரிட்ஜின் கதவு எல்லாம் அந்த வடிவம்தான்.

நோவாரேஸே இதைத் தற்செயலான பாதிப்பாக விட்டுவிடவில்லை, ஒரு கொள்கையாகவே சொல்லிவந்தார். ஒவ்வொரு காலத்து எழுத்தும் அந்தக் காலத்துக் கட்டடத்தோடு ஒத்துப்போகும் என்பது அவர் எண்ணம். ரோமானியப் பெரிய எழுத்தின் வட்டம் ரோமானிய வளைவு வாசலோடு போகும். கோதிக் எழுத்தின் முறிவுகள் தேவாலயத்தின் கூர் வளைவோடு போகும். நம் காலத்தின் வடிவம் மூலை மழுங்கிய சதுரம், ஆகவே எழுத்தும் அப்படி இருக்கட்டும் என்றார். இதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பேனா முனையை எப்படி வெட்டினார்கள், தாள் என்ன விலை விற்றது, எழுதுகிறவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தார் என்பவை கட்டட வளைவைவிட எழுத்தை அதிகம் மாற்றியிருக்கின்றன. சரி, கொள்கை இடித்தாலும் அதிலிருந்து நல்ல எழுத்து பிறக்கலாம். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: அவர் பேசியது நிகழ்காலத்தைப் பற்றி. விண்வெளியைப் பற்றி அல்ல.

தொலைக்காட்சித் திரையைப் பார்த்து வரைந்தது என்று ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. யூரோஸ்டைலுக்கு அது பொருந்தலாம். மைக்ரோகிராம்மாவுக்கு அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. இத்தாலியில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1954 ஜனவரி 3 அன்று. டூரினில் அதற்கு முன்பே சோதனை ஒளிபரப்பு நடந்தது என்றாலும், வீடுகளுக்குள் திரை வருவதற்கு முன்பே எழுத்து வந்துவிட்டது. இரண்டும் ஒரே காலத்து ரசனையில் பிறந்தவை, ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்ததில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

பெட்டி வடிவ எழுத்தும் அன்றைக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1930 வாக்கிலேயே பேங்க் காதிக் வரைந்திருந்தார். அதுவும் பெரிய எழுத்து மட்டுமே உள்ளது, அகலமானது. லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு போன்ற ஜாப் வொர்க்குக்கு நன்றாக ஓடியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பேங்க் காதிக்கில் கோடு நேராகப் போய் மூலையில் திரும்புகிறது. மைக்ரோகிராம்மாவில் கோடு திரும்பிக்கொண்டேதான் போகிறது.

அந்த வளைவு

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், விஷயமே இதுதான்.

மூலை மழுங்கிய பெட்டியை இரண்டு விதமாக வரையலாம். முதல் வழி, நான்கு நேர்கோடு போட்டு நான்கு மூலையிலும் கால் வட்டம் ஒட்டுவது. நேர்கோட்டில் வளைவே இல்லை. கால் வட்டத்தில் முழுக்க ஒரே அளவு வளைவு. இரண்டும் சேரும் புள்ளியில் வளைவு திடீரென்று தாவுகிறது. பார்க்கிறவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் மூலை முட்டிக்கொண்டு நிற்பதாகவும், பக்கம் உள்ளே குழிந்திருப்பதாகவும்கூடப் படும். இரண்டாவது வழியில் பக்கத்தை ஆரம்பத்திலிருந்தே மிக மெல்ல வெளியே புடைக்கவிடுவார்கள். மூலையை நெருங்க நெருங்க வளைவைக் கூட்டி, தாண்டியதும் அதே போலக் குறைப்பார்கள். ஒட்டு எங்கும் தெரியாது. ரயில் பாதை போடுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்: நேர்ப்பாதையிலிருந்து வண்டியை நேரே வட்ட வளைவில் இறக்கினால் குலுங்கும் என்று, நடுவில் படிப்படியாக வளையும் ஒரு துண்டைச் சேர்க்கிறார்கள். மைக்ரோகிராம்மாவின் ஓ இந்த இரண்டாவது வகை.

கணிதத்தில் இதற்குச் சமன்பாடு 19 ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. பிரெஞ்சுக்காரரான கப்ரியேல் லாமே எழுதியது. நீள்வட்டச் சமன்பாட்டில் அடுக்கு 2. அந்த அடுக்கை ஏற்றிக்கொண்டே போனால் நீள்வட்டம் மெல்லச் செவ்வகமாக மாறும். டென்மார்க்கின் பீட் ஹெய்ன் 1959 இல் ஸ்டாக்ஹோமின் செர்கெல் சதுக்கத்துக்கு ஒரு வடிவம் தேடியபோது 2.5 என்ற அடுக்கில் நின்றார். சூப்பர் எலிப்ஸ் என்ற பெயர் பரவியது அதற்குப் பிறகுதான். டூரின்காரர்கள் அதற்கு முன்பே அந்தக் குடும்பத்து வளைவைச் சமன்பாடு எதுவும் இல்லாமல் கண்ணாலேயே பிடித்துவிட்டார்கள். அதிலும் ஒரு சுவாரசியமான பொருத்தம் உண்டு. அதே 1952 இல் ஜெர்மனியில் ஹெர்மன் ட்சாப்பின் மெலியோர் வெளிவந்தது. அது செய்தித்தாள் போன்ற வாசிப்புக்கான செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு குறுக்குக்கோடு உள்ள) எழுத்து, தோற்றத்தில் இதற்கு எந்த உறவும் இல்லை. ஆனால் அதன் ஓ-வைப் பார்த்தால் இதே சதுரம் கலந்த வளைவு. இரண்டு ஊர், இரண்டு விதமான தேவை, ஒரே ஆண்டு.

ஃபாண்ட் வரையும் மென்பொருளில் இந்த விஷயம் கைப்பிடியின் (வளைவு எவ்வளவு புடைக்க வேண்டும் என்று இழுத்துச் சொல்லும் கோல்) நீளமாக வந்து நிற்கும். கால் வட்டத்தை ஒரே பெசியர் வளைவால் (அந்த மென்பொருள்கள் வளைகோடு போடும் முறை) போட, ஆரத்தில் சுமார் 0.55 பங்குக்குக் கைப்பிடியை இழுக்க வேண்டும். அதையே 0.69 வரை இழுத்தால் கோடு பீட் ஹெய்ன் வளைவின் நடுப்புள்ளி வழியாகப் போகும். வட்டத்துக்கும் சூப்பர் எலிப்ஸுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான், ஆரத்தில் ஏழில் ஒரு பங்கு. 10 புள்ளி (பாயின்ட்) அளவில் இந்த வித்தியாசத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. கடைப் பலகை அளவுக்குப் போனால் எழுத்தின் குணமே அதில்தான் இருக்கிறது. கணினி அறிஞர் டொனால்ட் குனூத் தன் எழுத்து வரையும் நிரலான மெட்டாஃபாண்டில் சூப்பர்னெஸ் என்று ஓர் அளவையே தனியாக வைத்திருக்கிறார். எழுத்து வரைகிறவர்களுக்கு அந்த ஏழில் ஒரு பங்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சின்ன எழுத்துகள்

மைக்ரோகிராம்மாவில் சின்ன எழுத்து (ஸ்மால் லெட்டர்) கிடையாது. தலைப்பும் பெயரும் எழுதலாம், ஒரு முழு விளம்பர வாக்கியத்தை எழுத முடியாது. 1957 இல் யூனிவர்ஸும், பின்னால் ஹெல்வெட்டிகா என்று பெயர் மாறிய எழுத்தும் வந்துவிட்டன. தடிமன், மெலிவு, அகலம், குறுக்கம் என்று முழுக் குடும்பமாக எழுத்து வாங்கும் பழக்கம் அச்சகங்களுக்கு ஏற்பட்டுக்கொண்டிருந்தது. பெரிய எழுத்து மட்டும் உள்ள குடும்பத்தை வைத்துக்கொண்டு அந்தச் சந்தையில் நிற்பது சிரமம். நோவாரேஸே 1962 இல் சின்ன எழுத்துகளைச் சேர்த்தார், குறுகிய தடிமன் வடிவம் ஒன்றையும் சேர்த்தார், மிக ஒடுங்கிய காம்பாக்ட் என்ற வடிவத்தையும் கொண்டுவந்தார். மொத்தம் ஏழு வடிவங்கள். அதுதான் யூரோஸ்டைல்.

பெட்டிக்குள் சின்ன எழுத்தை அடைப்பது சின்ன வேலையில்லை. பெரிய ஓ-வில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் நிறைய காற்று. சின்ன ஏ, ஈ, எஸ் ஆகியவற்றில் மூன்று கிடைக்கோடுகளைக் குட்டையான ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். தடிமன் கூடினால் உள்ளே வெள்ளையே மிஞ்சாது. அவர் சின்ன எழுத்தின் உடலை உயர்த்தி வைத்தார், கிடைக்கோடுகளை நின்ற கோடுகளைவிட மெலிதாக்கினார், பார்வைக்கு எல்லாம் ஒரே தடிமன் போலவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். கைத்திறன் என்று பார்த்தால் அபாரம். இருந்தாலும் என் கண்ணுக்கு யூரோஸ்டைலின் சின்ன எழுத்துகள் நல்ல படிப்புப் படித்த பிள்ளைகளாகத்தான் தெரிகின்றன. பெரிய எழுத்துகளில் உள்ள மிடுக்கு அவற்றில் இல்லை. உலகமும் ஏறக்குறைய அப்படித்தான் முடிவு செய்தது போலிருக்கிறது. புகழ் பெற்றது அகலத் தடிமன் (போல்ட் எக்ஸ்டெண்டட்) வடிவம், அதிலும் எல்லாம் பெரிய எழுத்தாகப் போட்டால்தான்.

பெரிய எழுத்துகளிலும் ஒரு ஓரவஞ்சனை உண்டு. வளைவின் பலன் ஓ, சி, டி, ஜி, க்யூ, எஸ், யு போன்றவற்றுக்குத்தான் கிடைக்கும். ஏ, வி, டபிள்யூ, எக்ஸ் ஆகியவை சாய்கோட்டால் ஆனவை, அவற்றைப் பெட்டிக்குள் கொண்டுவர முடியாது. அதனால் சொல்லில் எந்த எழுத்துகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே இந்த ஃபாண்ட் எடுபடும். ஓ, சி, டி கலந்த பெயர் கிடைத்தால் சும்மா போட்டாலே லோகோ. ஏ, வி, டபிள்யூ நிறைந்த பெயரில் இடைவெளிகளை ஒவ்வொன்றாகக் கையால் சரி செய்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

எதிர்காலம் எப்படி வந்தது

முதல் காரணம் லெட்ராசெட். 1960களில் இந்த ஆங்கில நிறுவனத்தின் எழுத்துத் தாள்கள் வந்தபின் தலைப்பு போட அச்சுக்கோப்பவரிடம் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. தாளை வைத்துப் பின்பக்கம் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். மைக்ரோகிராம்மா அந்தப் பட்டியலில் இருந்தது. பொறியியல் வரைபடம் போடுகிறவர்கள், கையேடு தயாரிக்கிறவர்கள், மின்னணுக் கருவிகளின் முகப்புத் தகட்டுக்கு எழுத்து வைக்கிறவர்கள் எல்லோரும் அதை எடுத்தார்கள். எல்லாம் பெரிய எழுத்து, எல்லாம் நேர்த்தி, கோடுகளோடு கோடாகப் பொருந்தும். அப்படித்தான் தொழில்நுட்பம் என்ற வாசனை அதில் ஏறியது. 1970களின் தொடக்கத்தில் விளம்பரம், பொட்டலம், பத்திரிகை என்று எங்கும் அது வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் திரை. கருவிகளின் மேல் இருக்கும் எழுத்து என்ற பழக்கம் ஏற்கெனவே இருந்ததால், கற்பனைக் கருவிகளுக்கு எழுத்து தேடிய கலை இயக்குநர்கள் அதையே எடுத்தார்கள். 1968 இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்குள் யூரோஸ்டைலின் அகலத் தடிமன் வடிவம் வருகிறது. 1975 இல் வெளியான, ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் தொழில்நுட்பக் கையேடு மைக்ரோகிராம்மாவை அந்தக் கற்பனை விண்படையின் எழுத்தாகவே வைத்துக்கொண்டது. அதற்கப்புறம் சுழற்சி தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. படத்தில் பார்த்தவர்கள் விளையாட்டு மென்பொருளில் போட்டார்கள், அங்கே பார்த்தவர்கள் அடுத்த படத்தில் போட்டார்கள். பார்வையாளருக்கு இப்போது வேறு குறிப்பே தேவையில்லை, இந்த எழுத்து வந்தால் கதை வருங்காலத்தில் நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

நிஜ விண்வெளிப் பயணம் இதில் எங்கே நிற்கிறது? அப்பல்லோ 11 குழு 1969 இல் நிலவில் விட்டுவந்த தகட்டில் இருப்பது ஃப்யூச்சுரா, பால் ரென்னர் வரைந்து 1927 இல் வந்த எழுத்து. விண்கலத்தின் ஸ்விட்ச் பலகைகளில் இருந்தது செதுக்கு இயந்திரம் போடும் கார்ட்டன் எழுத்து. முனை உருண்ட ஒற்றைக் கோடு, அழகைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அது நியாயமும்கூட. பெட்டி வடிவத்தில் டி-யும் ஓ-வும் பூஜ்யமும் ஒன்றுபோல ஆகிவிடும். எட்டும் பி-யும் கிட்டே வரும், ஐந்தும் எஸ்ஸும் கிட்டே வரும். எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் வேலையை வட்டத்துக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள முரண்தான் செய்கிறது, அந்த முரணை மழுக்குவதுதான் இந்த ஃபாண்டின் பாணியே. தொழில்நுட்பம் போலத் தோன்றும் எழுத்து, உண்மையான தொழில்நுட்பப் பலகைக்கு அவ்வளவு ஏற்றது இல்லை. படத்தில் யாரும் அந்தப் பலகையைப் பார்த்து ஸ்விட்ச் போடப் போவதில்லை என்பதால் பிரச்சினையும் இல்லை.

நோவாரேஸேக்கு இதில் எவ்வளவு பங்கு என்று கேட்டால், ஒரு ஒப்பீடு உதவும். 1971 இல் அவர் ஸ்டாப் என்று ஓர் எழுத்து வரைந்தார். எழுத்தின் பாகங்களை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத் துண்டுகளால் சொல்லைப் படிக்க வைக்கும் முயற்சி. தனி எழுத்தாகப் பார்த்தால் சில எது என்றே தெரியாது. வேண்டுமென்றே புதுமை காட்ட நினைத்தபோது அவர் வரைந்தது அப்படி இருந்தது. அதன் பக்கத்தில் யூரோஸ்டைலை வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு அடக்கமான, தன் காலத்தோடு சமாதானமாக இருக்கும் எழுத்து என்று புரியும்.

கணினியில் வந்த இழப்பு

1970களின் இறுதிக்குள் நெபியோலோ ஃபியட்டின் கைக்குப் போனது, எழுத்து வார்ப்பும் முடிவுக்கு வந்தது. எழுத்துகள் மட்டும் ஒளி அச்சுக்கோப்புக்கும், அங்கிருந்து கணினிக்கும் மாறி மாறிப் போயின. ஈயத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனியாக வார்த்தார்கள். ஃபிலிமில் ஒரே மூலத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கினார்கள். ஆரம்பகாலக் கணினி வடிவங்களில் கோட்டை வரையறுக்கும் புள்ளிகள் குறைவாக இருந்தால் நல்லது. பக்கவாட்டில் இருக்கிற மெல்லிய புடைப்பு இந்தப் பயணத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. நேர்கோடாக்கிவிட்டால் வேலை எளிது, கோப்பும் சிறியது, சின்ன அளவில் யாருக்கும் தெரியவும் தெரியாது. விளைவு, நான் மேலே சொன்ன முதல் வகைப் பெட்டி: நேர்கோடும் ஒட்டுப்போட்ட மூலையும். பெயர் யூரோஸ்டைல்தான்.

2008 இல் லினோடைப் நிறுவனத்துக்காக அகிரா கோபயாஷி யூரோஸ்டைல் நெக்ஸ்ட் என்று புதிதாக வரைந்தார். பழைய ஈய எழுத்தால் அச்சடித்த மாதிரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, இழந்த வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார். கூடவே அகலத்திலும் தடிமனிலும் குடும்பத்தை முறையாக நிரப்பினார். பழைய கணினி வடிவத்தையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது எழுத்து கற்கிறவர்களுக்கு நல்ல பயிற்சி. கோட்டின் இடம் ஒரு மயிரிழைதான் மாறியிருக்கும், எழுத்தின் முகமே வேறாகியிருக்கும். இந்த வேலைக்கு உரிய பாராட்டு கோபயாஷிக்குக் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். புதிதாக ஒன்றைச் செய்தால் பேசுவார்கள், உடைந்ததை உடைந்த இடம் தெரியாமல் சரி செய்தால் யார் பேசுவார்கள்?

இலவச ஃபாண்ட்களில் இந்தக் குடும்பத்துக்கு இரண்டு கிளைகள் முக்கியம். வெர்னான் ஆடம்ஸ் வரைந்த மிக்ரோமா மைக்ரோகிராம்மாவின் வழியை வெளிப்படையாகவே பின்பற்றுகிறது. தடிமனில் ஒரே ஒரு வடிவம்தான், அகலமானது, சின்ன எழுத்தும் உண்டு. மாட் மெகினர்னியின் ஆர்பிட்ரான் வேறு சுபாவம். நேர்கோடும் சிறிய மூலைத் திருப்பமும், பக்கப் புடைப்பு இல்லை. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஆர்பிட்ரான் திரைக்காகவும் போஸ்டருக்காகவும் வரைந்தது, இயந்திரத்தனம்தான் அதன் நோக்கம். யூரோஸ்டைலுக்குப் பதிலாக அதைப் போடலாம் என்று நினைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

நம்மூர் டிடிபி சென்டர்களுக்கும் இந்த எழுத்து அறிமுகம் இல்லாதது இல்லை, பெயர்தான் வேறு. பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் தன் யூரோஸ்டைல் நகலை ஸ்கொயர் 721 என்ற பெயரில் விற்றது. அது கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளோடு வரும் ஃபாண்ட் தொகுப்பில் இருந்தது. ஃப்ளெக்ஸும் விசிட்டிங் கார்டும் கோரல்டிராவில் போட்டே பழகியவர்கள், ஃபாண்ட் பட்டியலில் எஸ் வரிசையில் இதைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது.

தமிழோடு சேர்த்துப் போடும்போது ஒரு சிக்கல் வரும். ட, ப, ம, ய போன்றவை இயல்பாகவே நின்ற கோடும் படுத்த கோடும் கொண்டவை, இந்தப் பெட்டி உலகத்தோடு ஒத்துப்போகும். ஆனால் ஐ, ஞ, ணை, ழு எல்லாம் சுழியிலேயே வாழ்கிறவை. அவற்றை வலிந்து சதுரமாக்கினால் படிக்கிறவர் திணறுவார். ஒரே தடிமன் உள்ள, கொஞ்சம் அகலமான சாதாரணத் தமிழ் எழுத்தைத் துணைக்கு வைத்துவிட்டு, சதுரத் தோற்றத்தை ஆங்கிலப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கட்டாயம் தமிழிலும் அந்தத் தோற்றம் வேண்டும் என்றால் ஃபாண்ட் தேடாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் கையால் வரைந்துவிடலாம்.

எடுத்துப் போடுகிறவர்களுக்கு

இது கத்தவும் செய்யாத, ஓடவும் செய்யாத எழுத்து. நாலைந்து சொல்லுக்கு மேல் தாங்காது. அகலத் தடிமனில் ஒரு வரித் தலைப்பு, ஒரு பெயர், ஓர் எண். அதற்குமேல் போகும் வாசகத்துக்கு வேறு ஃபாண்ட் எடுத்துவிடுங்கள். எழுத்துகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் விடுங்கள். பெட்டிகள் நெருங்கி நின்றால் பக்கக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலிபோல் ஆகிவிடும், எழுத்துக்கு உள்ளே இருக்கிற வெள்ளைக்கும் எழுத்துகளுக்கு நடுவில் இருக்கிற வெள்ளைக்கும் ஒரு சமநிலை வேண்டும். வண்டி எண், மருந்தளவு, சீரியல் நம்பர், ஓ.டி.பி போன்றவற்றுக்கு இதைத் தொடவே வேண்டாம், பூஜ்யமும் ஓ-வும் குழம்பினால் மாட்டிக்கொள்வது பயன்படுத்துகிறவர்.

மினுமினுப்பு, நீல ஒளி, உலோகச் சாயல் எல்லாம் ஏற்றித்தான் இதைப் பலர் போடுகிறார்கள். எதிர்காலம் என்று எழுத்தே சொல்லிவிட்ட பிறகு மறுபடி மூன்று தடவை சொல்வது எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வெள்ளைத் தாளில் ஒரே கறுப்பில் போட்டால், 1952 இன் டூரின் தொழிற்சாலை தெரியும், அதுவே நன்றாக இருக்கும்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்ற கேள்விக்கு ஒரு எளிய சோதனை போதும். பெரிய ஓ ஒன்றை 400 புள்ளி அளவில் தட்டுங்கள். அதன் இடப்பக்கத்தைத் தொடும்படி ஒரு செங்குத்து வழிகாட்டிக் கோட்டை வையுங்கள். எழுத்தின் பக்கம் கோட்டோடு நெடுந்தூரம் ஒட்டிக்கிடந்தால் அது வளைவை இழந்த பதிப்பு. நடுவில் மட்டும் தொட்டுவிட்டு மேலும் கீழும் மெல்ல விலகிப் போனால் காசு கொடுக்கலாம். பெரிய அளவில் வெட்டி ஒட்டும் ஏசிபி போர்டு, உலோக எழுத்து, லேசர் கட்டிங் வேலைகளுக்கு இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள், இரண்டடி உயர எழுத்தில் அந்த மூலை ஒட்டு எதிர்ச்சாரியிலிருந்தே தெரியும்.